பெரியப்பாவுக்கு எந்த ஆஞ்சியோ? பைப் கடைக்காரன் போட்ட கணக்கு

போன ஐப்பசியில் ஏற்காட்டிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "மேல் தோட்டத்துக்கு ஏறுனா நெஞ்ச அமுக்குது கண்ணு. ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிடுது" என்றார். வயது 61. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மாத்திரை. நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. மறுநாளே சேலத்துக்கு இறங்கி வரச் சொல்லி இசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தோம். எக்கோ நன்றாக இருந்தது. டிரெட்மில்லில் மட்டும் லேசான மாற்றம். இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோவுக்கு இதய மருத்துவர் இரண்டு வழி சொன்னார். சி.டி. ஆஞ்சியோ எடுக்கலாம், இல்லையென்றால் நேராகக் கை மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்யலாம். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

வீட்டில் பேசினால் என்ன ஆகும்? அத்தைக்கு ஸ்கேன் போதும். சித்தப்பாவுக்கு "எப்படியும் செய்யப் போறதுதானே, ஒரே தடவையா முடிச்சிரலாம்". பக்கத்து எஸ்டேட்காரருக்கு ஒரு இடத்தில் 70 சதவீத அடைப்பு என்று சொல்லி அன்று மாலையே ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பி வலை) வைத்துவிட்டார்களாம். அந்தக் கதை வேறு நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

நான் டாக்டர் இல்லை. சேலம் ஐந்து ரோடு பக்கம் பைப், மோட்டார் கடை. இருபத்திரண்டு வருடமாக மலைக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இதயக் குழாய் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த கணக்காகவே இருந்தது. மீதியை மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது, இடது கைக்கும் தாடைக்கும் பரவுகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-க்கு அடியுங்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், அதற்கே நேரம் போய்விடும். அந்த நிலையில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை, நேராகக் கேத் லேப்தான், அதாவது குழாய் விட்டு ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் அறை. நான் எழுதுவது பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு. ஏறினால் வலி, நின்றால் போய்விடும், மாதக்கணக்கில் ஒரே மாதிரி.

அப்படிப்பட்டவர்களுக்கு அவசரம் இல்லை என்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். நிலையான நெஞ்சு வலிக்காரர்களில் பாதிப் பேரை மருந்தோடு ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்றும் மீதிப் பேரை முதலில் மருந்து மட்டும் என்றும் பிரித்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் பார்த்தும் இறப்பிலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஸ்டென்ட் பக்கம் போனவர்களுக்கு வலி குறைந்தது, அது உண்மை. ஆனால் இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

சரி, சதவீதத்துக்கு வருவோம். எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அதைச் சுற்றித்தான்.

70 சதவீதம் என்றால் எதில் 70? ஆஞ்சியோ படத்தில் விட்டத்தை வைத்துச் சொல்கிறார்கள். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். ஆக 50 சதவீத விட்ட அடைப்பும் 75 சதவீதப் பரப்பு அடைப்பும் ஒரே ஓட்டைதான். அதற்கு மேல், அதே 60 சதவீதம் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு இருந்தால் ஒரு அழுத்த நஷ்டம், மூன்று சென்டிமீட்டருக்கு இழுத்துக்கொண்டு போனால் வேறு நஷ்டம். அந்தக் குழாய் எவ்வளவு பெரிய தசைக்கு ரத்தம் கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பைப்பைக் குறுக்கும் ஒரே ரெட்யூசர்தான். ஒரு சென்ட் கீரைப் பாத்திக்குப் போகும் லைனில் இருந்தால் யாருக்கும் தெரியாது. மூன்று ஏக்கர் தோட்டத்து மெயின் லைனில் இருந்தால் கடைசிக் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அந்த நஷ்டத்தை எப்படி அளப்பது? அடைப்புக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், பின்னால் ஒரு பிரஷர் கேஜ். இதயத்தில் நுனியில் அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு இதையே செய்வதைத்தான் எஃப்.எஃப்.ஆர். என்கிறார்கள். நெதர்லாந்தின் நிக்கோ பிய்ல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி ப்ரைனும் 1990-களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள். மகாதமனியில் 100, அடைப்பைத் தாண்டி 78 என்றால் 0.78. 0.80 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அந்த அடைப்பு ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கடைக்கு வரும் விவசாயிகளில் பாதிப் பேர் இதே தப்பைச் செய்வார்கள். கேட் வால்வை மூடி வைத்துவிட்டு இரண்டு கேஜையும் பார்த்து "ரெண்டும் ஒரே பிரஷர்தான் காட்டுதுங்க, பைப்புல அடைப்பே இல்லீங்க" என்பார்கள். தண்ணீர் ஓடாதபோது எங்கிருந்து நஷ்டம் வரும்? முழுசாகத் திறந்து விட்டால்தான் அடைப்பு தன் குணத்தைக் காட்டும். இதயத்திலும் அதனால்தான் அடினோசின் மருந்து கொடுத்து, அடியில் இருக்கும் சின்னக் குழாய்களையெல்லாம் திறந்து, ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய் அளக்கிறார்கள். பெரியப்பாவுக்குத் திண்ணையில் வலி இல்லாமல் மேல் தோட்டத்தில் மட்டும் வருவதும் இதே கதைதான்.

கண்ணால் பார்த்துச் சொல்வது எவ்வளவு தப்பும் என்பதற்கு 2009-ல் வந்த ஃபேம் ஆய்வு நல்ல சாட்சி. 1,005 பேர், எல்லோருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு. படத்தில் 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் 35 சதவீதம்தான் அழுத்தத்தை உண்மையில் விழ வைத்தன. 71 முதல் 90 வரை தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று ஒன்றும் செய்யாத அடைப்பு. அளந்து வைத்தவர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 1.9 ஸ்டென்ட், பார்த்து வைத்தவர்களுக்கு 2.7. ஒரு வருடத்தில் இறப்பு, மாரடைப்பு, மறு சிகிச்சை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அளந்தவர்களில் 13.2 சதவீதம், பார்த்தவர்களில் 18.3. குறைவாக வைத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். பக்கத்து எஸ்டேட்காரரின் 70 சதவீதத்தை யாராவது அளந்தார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சி.டி. ஆஞ்சியோவில் கை நரம்பில் அயோடின் கலந்த சாய மருந்தை ஏற்றி, சில நொடிகள் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, இதயத் துடிப்போடு சேர்த்துப் படம் எடுக்கிறார்கள். அந்தத் துண்டுகளை அடுக்கி முப்பரிமாணக் குழாயாகக் கட்டுகிறது கணினி. ஒரு சுற்றில் குறைந்தது 64 துண்டு எடுக்கும் (64 ஸ்லைஸ்) இயந்திரம் வேண்டும். துடிப்பு 60-ஐ ஒட்டி இருந்தால் படம் தெளிவு, அதற்குத்தான் முன்னாலேயே பீட்டா பிளாக்கர் மாத்திரை. குழாயை விரிக்க நாக்கடியில் நைட்ரோகிளிசரினும் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதன் பெரிய பலம், குழாயின் சுவரையும் காட்டுவது. கேத் லேப் ஆஞ்சியோ காட்டுவது சாயம் போகும் பாதையின் நிழலைத்தான். சுவருக்குள் கொழுப்பு தடித்திருந்தாலும் பாதை அகலமாக இருந்தால் நிழலில் ஒன்றும் தெரியாது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான சோதனைகளோடு சி.டி.யும் எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் இதயநோய் இறப்பு அல்லது மாரடைப்பு 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. படம் எடுத்ததால் யாருக்கும் நோய் குறையாது. சுவரில் கொழுப்பு இருப்பது தெரிந்ததால் சரியான ஆட்களுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம்.

பலவீனம் சுண்ணாம்பு. குழாய்ச் சுவரில் கால்சியம் அதிகம் இருந்தால் படத்தில் அது பூத்துப் பெரிதாகத் தெரியும், 40 சதவீதத்தை 70 என்று காட்டும். பல வருடச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வயது 75-க்கு மேல், ஏற்கெனவே சின்ன ஸ்டென்ட், தாறுமாறான துடிப்பு, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் சி.டி.யில் பணம் போட யோசிப்பேன். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்காமல் சாய மருந்து ஏற்ற விடாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள். கதிர்வீச்சு பற்றி அத்தை பயந்தார். இன்றைய நல்ல இயந்திரங்களில் அது பெரும்பாலும் 1 முதல் 5 மில்லிசீவர்ட். நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 வருகிறது.

இரண்டாவது வழி, அதே சி.டி. படத்தின் மேல் ஓட்டக் கணக்கு. ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் டெய்லர் வளர்த்த யோசனை இது. அதிலிருந்து பிறந்த ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் முறைக்கு 2014-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. முப்பரிமாணக் குழாயை எடுத்து, தசையின் எடையை வைத்து எவ்வளவு ரத்தம் போகும் என்று ஊகித்து, திரவ இயக்கச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து, குழாய் நெடுக எஃப்.எஃப்.ஆர். எண்ணை வண்ணமாகப் போட்டுத் தருகிறது. கம்பி இல்லை, அடினோசின் இல்லை. பைப்லைனைத் தோண்டாமலே படத்தை வைத்து ஹெட் லாஸ் (அழுத்த நஷ்டம்) போடுவது மாதிரி.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கணக்குப் பார்க்கிறவன். சீரான ஓட்டத்தில் நஷ்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 10 சதவீதம் குறைத்து அளந்தால் நஷ்டம் ஒன்றரை மடங்காகிவிடும். இதயக் குழாயின் அகலமே 3, 4 மில்லிமீட்டர். சி.டி. பிரித்துக் காட்டக்கூடியது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதனால் இந்த எண் 0.90-க்கு மேல் வந்தால் கிட்டத்தட்ட முழுசாக நம்பலாம். ரொம்பக் கீழே போனாலும் நம்பலாம். நடுவில் மாட்டினால்தான் தொல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஒரு அலசலில், 0.70-க்கும் 0.80-க்கும் இடையில் வந்த முடிவுகள் கம்பி அளவோடு ஒத்துப்போனது பாதிக்கும் குறைவு. நாணயத்தைச் சுண்டிவிடலாம் போல. ஆக, "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்ல இது கெட்டிக்கார முறை. "இப்போதே ஸ்டென்ட்" என்று சொல்ல இதை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன். எல்லா மையத்திலும் இது கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம், ஸ்கேனுக்கு நாள் குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கேத் லேப் ஆஞ்சியோ. 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் தற்செயலாகத் தொடங்கி வைத்த முறை. படத் தெளிவில் இதுதான் இன்னும் முதல். தேவைப்பட்டால் அங்கேயே சிகிச்சையும் செய்யலாம். ஐரோப்பாவில் 3,561 பேரை வைத்து 2022-ல் வந்த டிஸ்சார்ஜ் ஆய்வு சி.டி.யையும் இதையும் நேருக்கு நேர் நிறுத்தியது. மூன்றரை வருடத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே பலன். செய்முறையால் வந்த பெரிய சிக்கல் மட்டும் சி.டி. வழியில் 0.5 சதவீதம், நேராகக் குழாய் விட்ட வழியில் 1.9.

சித்தப்பாவின் "ஒரே தடவையா முடிச்சிரலாம்" எனக்கு உறுத்துவது அந்தச் சிக்கல் சதவீதத்தால் இல்லை. ஆள் மேஜை மேல் படுத்திருக்கும்போது வெளியில் நிற்கும் குடும்பத்தைக் கூப்பிட்டு, திரையில் ஒரு நெளிவைக் காட்டி, "வைத்துவிடலாமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? முடிவெடுக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. எனவே கேத் லேப் என்று முடிவானால் முன்கூட்டியே கேட்க வேண்டியது, நடுத்தர அடைப்பு வந்தால் அழுத்தக் கம்பி போட்டு அளப்பீர்களா, அந்தக் கம்பி இருப்பில் இருக்கிறதா, பேக்கேஜில் சேர்ந்ததா தனிப் பில்லா. அது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கம்பி, விலை சின்னது இல்லை. அடினோசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருந்தில்லாமல் அளக்கும் ஐ.எஃப்.ஆர். என்ற முறையும் உண்டு, அதன் எல்லைக்கோடு 0.89. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைக்கு மட்டுமா, அளக்கும் கம்பிக்கும் சேர்த்தா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கம்பி போடாமல் கேத் லேப் படத்திலிருந்தே முப்பரிமாணம் கட்டி எண் எடுக்கும் கியூ.எஃப்.ஆர். என்று ஒன்றும் வந்திருக்கிறது. குறைந்தது 25 பாகை வித்தியாசத்தில் இரண்டு படம் இருந்தால் போதும். சீனாவில் 2021-ல் வெறும் கண்ணோடு போட்டி வைத்தபோது இது ஜெயித்தது. ஐரோப்பாவில் 2024-ல் கம்பியோடு போட்டி வைத்தபோது தோற்றது, ஒரு வருடத்தில் பாதிப்பு இதில் 6.7 சதவீதம், கம்பியில் 4.2. கம்பி இல்லாத ஊரில் இது இருந்தால் நல்லது. கம்பி இருக்கும் இடத்தில் கம்பியே போதும்.

கடைசியாக, என்னை இதற்குள் இழுத்த விஷயம். அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ரத்தம் ஓடும்போது சுவரை உரசிக்கொண்டு போகிறதே, அந்த உராய்வு விசை. மருத்துவர்கள் வால் ஷியர் ஸ்ட்ரெஸ் என்பார்கள். ரத்த அழுத்தம் 120 என்றால் அது 16,000 பாஸ்கல். இந்த உராய்வோ சாதாரணமாக 1 முதல் 2.5 பாஸ்கல்தான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பொட்டு விசையைச் சுவரின் உள் அடுக்குச் செல்கள் உணர்கின்றன. உராய்வு நன்றாக இருக்கும் இடத்தில் அவை ஆரோக்கியமாக இருக்கின்றன. 1 பாஸ்கலுக்குக் கீழே மந்தமாகத் தடவிக்கொண்டு போகும் இடத்தில் வீங்கி, கொழுப்பை உள்ளே விடுகின்றன. வளைவின் உள்பக்கமும் கிளை பிரியும் இடத்தின் வெளிச்சுவரும்தான் அவை. வாய்க்கால் வளைவில் உள்கரையில் வண்டல் படிகிற மாதிரி என்று சொல்லலாம், ஆனால் அந்த உவமை பாதிதான் சரி. வண்டல் தானாகப் படிகிறது. இங்கே சுவரே உயிரோடு இருந்து தப்பான வேலை செய்கிறது. 1969-லேயே இங்கிலாந்தில் காலின் கேரோ குழு, கொழுப்பு படிவது உராய்வு குறைந்த இடத்தில்தான் என்று சொல்லிவிட்டது.

இந்த வரைபடத்தை வைத்து எந்த இடம் நாளை அடைபடும் என்று சொல்ல முடியுமா? ஜப்பானில் 506 பேரை வைத்து 2012-ல் வந்த பிரெடிக்‌ஷன் ஆய்வில், குழாய்க்குள் அல்ட்ராசவுண்டையும் ஆஞ்சியோவையும் சேர்த்து முப்பரிமாணம் கட்டி இதைக் கணக்கிட்டார்கள். தடித்த கொழுப்பும் குறைந்த உராய்வும் சேர்ந்த இடங்களில் 41 சதவீதம்தான் பிறகு சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மோசமானது. இரண்டும் சேர்ந்திராத இடங்களில் 92 சதவீதம் அப்படி ஆகவில்லை. ஆராய்ச்சிக்கு இது தங்கம். ஆனால் 41 சதவீதத்தை நம்பி யாருடைய குழாயிலும் கம்பி வலையை வைக்க முடியாது. எஃப்.எஃப்.ஆர். கணக்கையாவது கம்பி விட்டுச் சரிபார்க்கலாம். உராய்வை உயிருள்ள இதயத்துக்குள் நேராக அளக்கும் கருவியே கிடையாது, எல்லாம் கணக்குதான். அதுவும் ஆரத்தின் மூன்றாம் படியில் தொங்கும் கணக்கு. வண்ண வண்ணமான உராய்வுப் படம் தருகிறோம் என்று யாராவது கூடுதல் காசு கேட்டால், பெரியப்பாவுக்காக நான் இன்று கொடுக்க மாட்டேன்.

கடைசியில் நாங்கள் செய்தது சி.டி. காரணம் ரொம்ப எளிது. வலி நிலையானது, எக்கோ நன்றாக இருந்தது, கிரியேட்டினின் சரி, துடிப்பு சீர். சர்க்கரை பத்து வருடம் என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது. அதனால் குழாய்ச் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு என்று சாயம் இல்லாமல் எடுத்துச் சொல்லும் கால்சியம் ஸ்கோரை முதலில் பார்த்து, ஆயிரக்கணக்கில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். மிதமாகத்தான் வந்தது. இடது பிரதானக் குழாய் சுத்தம். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் குழாயின் நடுவில் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் ஓர் அடைப்பு. மேலே சொன்ன அதே ஏமாற்று வட்டாரம்.

மருத்துவர் கொழுப்புக்கு ஸ்டாட்டின், ஆஸ்பிரின், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்து மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். வலி அடங்காவிட்டால் அழுத்தக் கம்பி இருக்கும் இடத்தில் ஆஞ்சியோ, அளந்து பார்த்த பிறகுதான் ஸ்டென்ட் பேச்சு. சித்தப்பாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. பெரியப்பாவுக்கு மிளகு பறிப்பு முடியும்வரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, அவ்வளவுதான். இப்போது மேல் தோட்டத்துக்கு நிற்காமல் ஏறுகிறாராம். "மெதுவாத்தாங்க ஏறுறார்" என்று பெரியம்மா போனைப் பிடுங்கித் திருத்தினார்.

ஸ்கேன் மையத்தில் ரிப்போர்ட்டையும் நாலைந்து படத்தையும் கவரில் போட்டு நீட்டினார்கள். முழு ஸ்கேனும் குறுந்தகட்டில் வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகள் அத்தனையும் அதில் இருக்க வேண்டும் என்று நின்று வாங்கி வந்தேன். நாளைக்கு ஓட்டக் கணக்கு போட வேண்டியிருந்தால் அந்த மெல்லிய துண்டுகள்தான் தேவை, புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. அந்தக் குறுந்தகடு இப்போது கடையில், மோட்டார் வாரண்டி அட்டைகள் வைக்கும் டப்பாவில் இருக்கிறது.